நாற்றுக்கு வெயில் காட்டியவர்

தொட்டிச் செடி ஒன்றை அன்பு மிகுதியால் தண்ணீர் ஊற்றியே கொன்றவன் நான். அந்தத் தகுதியோடு, முப்பது வருஷம் நாற்று வளர்த்த ஒரு தோட்டக்காரருக்கு, அவர் தொழிலில் தினமும் புழங்கும் ஓர் ஆங்கில வினைச்சொல்லை முக்கால் மணி நேரம் விளக்கியிருக்கிறேன். அவர் கேட்டது ஒரு வரிக் கேள்வி. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் போதும். ஆனால் என்னிடம் அப்போது ஒரு பெரிய அகராதி இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முதல் பதினாறு பக்கம் கிடையாது. மீதிப் பக்கங்களை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்குச் சிரமமாக இருந்த வயது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு பழைய பங்களா. வெள்ளைக்காரர்கள் எல்லாரும் போனபோது போகாமல் தங்கிவிட்ட ஒரு துரைசானி அதில் தனியாக இருந்தார். பின்கட்டில் வரிசையாக மூன்று அறைகள். ஒன்றில் சமையல்காரர். நடு அறை காலியாகக் கிடந்ததால் இன்சூரன்ஸ் கம்பெனி குமாஸ்தாவான எனக்கு வாடகைக்கு வந்தது. தண்ணீர்க் குழாயை ஒட்டிய கடைசி அறையில் இந்தத் தோட்டக்காரரும் இவர் மகளும். பெயர் இருந்தது, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் மாலி, அதாவது தோட்டக்காரர். அவர் மகளுக்கு மட்டும் அப்பா.

மாலிக்குத் தெரிந்த ஆங்கிலம் என்று பார்த்தால் இருபது பூக்களின் பெயரும் ஒரு வினைச்சொல்லும்தான். 'ஹார்டன்' என்று துரைசானி சொல்வார். இவர் வாயில் அது 'ஆர்டன்' ஆகி, கூடவே 'பண்றது' சேர்ந்துகொண்டு முழு உருவம் பெற்றது. விஷயம் எளிதானது. மாமரத்தடியில் அகலமான மண்தட்டுகளில் விதை தூவி, மேலே கோணி கட்டி, பூவாளியால் கோயிலில் தீர்த்தம் தெளிப்பதுபோலத் தெளித்து நாற்று வளர்ப்பார்கள். அதை அப்படியே எடுத்துப்போய் வெயிலில் நட்டால் மூன்றாம் நாள் படுத்துவிடும். அதனால் நடுவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்து கோணியை விலக்கி, தட்டை வெளியே வைத்து, முதல் நாள் ஒரு மணி நேரம் வெயில், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று காட்ட வேண்டும். தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நாற்றுக்கு இனிமேல் வரப்போகும் கஷ்டத்தை முன்கூட்டியே தவணையில் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

"மத்தியானம் தல தொங்கினா தப்பில்ல சார். சாயங்காலம் அதுவா எந்திரிக்கணும். நாம ஊத்தி எந்திரிக்கக் கூடாது" என்பார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அவரை எந்த வேலைக்கும் கூப்பிட முடியாது. தட்டுகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நிமிர்ந்தது நாளைக்கும் வெயிலுக்குப் போகும். நிமிராததைத் தட்டோடு தூக்கி, திரும்ப மரத்தடியில் வைத்துக் கோணியைப் போடுவார். ஜனவரிப் பூக்காட்சியில் துரைசானி வாங்கிய பரிசுகளெல்லாம் இந்தக் குந்தலில் பிறந்தவை.

தொழிலோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. மாலி உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: ஆர்டன் ஆனது, ஆகாதது. புதுச் செருப்பு கடித்தால், இன்னும் ஆகவில்லை. பட்டாளத்தில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் லீவில் வந்து, அம்மா அழ அழ, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினால், ஆகிவிட்டான். நான் ஆகவே இல்லை. கார்த்திகை பிறந்தால் கழுத்தில் மப்ளர், காலில் கம்பளிக் காலுறை என்று நடமாடியவன். "சார் இன்னும் கோணிக்கடியிலயே கீறாரு" என்று சமையல்காரரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் யோசனைப்படி ஒரு நாள் மப்ளர் இல்லாமல் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பனியில் உலாவினேன். நாலாம் நாள் தொண்டை கட்டிப் படுத்துவிட்டேன். மாலி வந்து பார்த்தார். கொடியில் கிடந்த மப்ளரை எடுத்துத் தானே என் கழுத்தில் சுற்றினார்.

"சிலது அப்படித்தான் சார். பிகோனியா மாதிரி. அத வெயில்ல வெக்கறதே பாவம். நீங்க நெழல்லயே இருங்க" என்றார்.

அவமானம்தான். ஆனாலும் பிறகு யோசித்தபோது, சாயங்காலம் வந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது.

இந்த ஆர்டன் நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நாற்பத்தேழில் துரைசானியின் தங்கை, தங்கை புருஷன், குழந்தைகள் எல்லாரும் கப்பலுக்குப் புறப்பட்டார்கள். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்குப் பூச்செண்டு எடுத்துக்கொண்டு மாலியும் போயிருந்தார். பிளாட்பாரம் முழுக்க அழுகை. துரைசானி மட்டும் வண்டி மறையும்வரை கைக்குட்டையை ஆட்டிவிட்டு, அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பி, ஆஸ்டர் நாற்றுகளை ஆர்டன் பண்ணியாயிற்றா என்று கேட்டாராம். மாலி அந்த இடத்திலேயே விழுந்து கும்பிடாத குறை. அதன் பிறகு மூன்று நாள் அந்த அம்மாள் ஒரு பருக்கை சாப்பிடவில்லை, தட்டு போனபடியே திரும்பி வந்தது என்று சமையல்காரர் என்னிடம் சொன்னார். மாலியிடமும் சொல்லியிருக்கிறார். சமைத்தது நன்றாக இருந்திருக்காது என்று மாலி சொல்லிவிட்டார்.

இன்னொரு காரணம் அவர் மனைவி. ஆற்காட்டுப் பக்கத்தில் நாலு அண்ணன்களுக்கு ஒரு தங்கையாகப் பிறந்தவள். தண்ணீர்க் குடம் தூக்கவிடாமல் வளர்த்தார்களாம். கல்யாணமாகி இந்தக் குளிருக்கும், பங்களாப் பின்கட்டு வாழ்க்கைக்கும் வந்தவள், ஒரு பெண்ணைப் பெற்றுவிட்டு, அது நடக்கத் தொடங்குமுன் போய்ச் சேர்ந்தாள். தினம் ஊர் நினைப்பில் அழுவாளாம். "நெழல்ல வளத்து அப்படியே வெயில்ல நட்டுட்டாங்க சார். அவங்க மேலயும் தப்பில்ல. யாரும் சொல்லித் தரல" என்று மாலி சொன்னபோது குரலில் கோபமே இல்லை. கெட்டுப்போன ஒரு பாத்தியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்த காரியம்.

மகளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. கன்னட மிடில் ஸ்கூலில் கொஞ்சம், தமிழ்ப் பள்ளியில் கொஞ்சம் படித்தவள். அப்பாவைப் 'பெரிய மாலி' என்று கேலி செய்வாள். துரைசானி நடப்பதுபோல் நடந்துகாட்டுவாள். ஒருநாள் குழாயடியில் அவள் அதைச் செய்துகாட்ட, துரைசானியே ஜன்னலிலிருந்து பார்த்து, முதுகு இன்னும் நிமிர வேண்டும் என்று திருத்தம் சொன்னார். சாயங்காலக் குந்தல் முடிந்ததும் அப்பாவும் பெண்ணும் சாப்பிட்டபடி பேசுவது என் அறைக்குக் கேட்கும். பேச்சு என்றால் பெரும்பாலும் அவள்தான். இவர் 'ம்' கொட்டுவார். அந்த 'ம்'மில் ஒரு சுகம் இருக்கும்.

கோலார் தங்கவயலில் சம்பந்தம் முடிவாகி, தையில் கல்யாணம் என்று குறித்தார்கள். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை. ஐப்பசியில் பேன்சிப் பூ நாற்றுகளை வெயிலுக்கு மாற்றிய அதே வாரம் மாலி மகளுக்கும் தொடங்கினார்.

முதலில், சனிக்கிழமைதோறும் அவளுக்கு வாங்கிவரும் பன் நின்றது. அடுத்து, இரண்டாம் தடவை போடும் சோறு. அடுத்து, கம்பளி. அவள் சிரித்தாள். "ஏம்பா, நான் இன்னா பேன்சியா?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. நானும் இந்தப் பக்கம் இருந்து சிரித்தேன். தலைவலி என்று அவள் சொன்னால், "செடி சொல்லுதா?" என்பார். நல்ல பதில் என்று நினைத்து அதைக் குறித்துக்கூட வைத்துக்கொண்டேன். கடைசியாக அந்த 'ம்' நின்றது. அவள் பேசுவாள்; இவர் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்விடுவார். சில நாள் அவள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மாலி என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார், கை மண்.

"சார், இந்த ஆர்டன்ங்கற வார்த்த மனுசாளுக்கும் போவுமா? இல்ல, செடிக்கு மட்டும் சொல்றதா?"

அகராதியை ஜன்னல் திண்டில் விரித்தேன். இரும்பைச் சொன்னேன். சுட்ட மண்ணைச் சொன்னேன். சிப்பாய்களைச் சொன்னேன். வேதாகமத்தில் ஒரு ராஜாவின் இருதயம் கடினப்பட்டதைச் சொல்லி, அந்த ராஜாவாகவே சற்று நேரம் நின்றேன். சந்தையில் விலைக்குக்கூட இந்த வினை உண்டு என்று சொன்னபோது என் அறிவைக் கண்டு எனக்கே வியப்பாக இருந்தது. நடுவில் ஒரு பொருள் இருந்தது: உணர்ச்சி மரத்துப்போகச் செய்தல். பேச்சின் ஓட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதைத் தாண்டிவிட்டேன். "தாராளமாகப் போகும் மாலி. மனிதனுக்குத்தான் முதலில்" என்று முடித்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். முகத்தில் பூக்காட்சி ஜெயித்த களை. மகள் மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொண்டிருக்கிறாள். சதை பிளந்திருக்கிறது. துணியைச் சுற்றிக்கொண்டு, நாலு நாள் யாரிடமும் சொல்லாமல், நொண்டாமல் நடந்திருக்கிறாள். சீழ் நாற்றம் வந்துதான் அவருக்கே தெரியும்.

"ஆயிடுச்சு சார்" என்றார்.

கண் கலங்கியிருந்தது. ஆனந்தம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தையில் கல்யாணம் நடந்தது. துரைசானி ஒரு குடை பரிசளித்தார். ஸ்டேஷனில் மகள் அழவில்லை. மாலியும் அழவில்லை. வண்டி போனதும் இவர் என்னிடம், பிளாக்ஸ் பூச்செடிக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்றார். துரைசானியைத் தாண்டிவிட்டார் என்று நினைத்தேன். உண்மையாகவே பாராட்டாகத்தான் நினைத்தேன்.

அதன்பின் மாதம் ஒரு கார்டு வரும். மாலிக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிப்பேன். 'நான் நலம். இங்கே எல்லோரும் நலம். வீடு சின்னது. தண்ணீர் தூரம். வேறு விசேஷம் இல்லை.' இன்னொன்று: 'நான் நலம். மழை இல்லை. குடை பத்திரமாக இருக்கிறது.' மாலி இரண்டாம் தடவை படிக்கச் சொல்லமாட்டார். கார்டை வாங்கி, விதைப் பொட்டலங்கள் வைத்த டப்பாவில் போட்டுக்கொள்வார்.

நான் அப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஐந்து அடைமொழி என்று கணக்கு. எழுதியதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்தக் கார்டுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஞானோதயம். அடடா, என்ன சிக்கனம், ஒரு சொல் மிகை உண்டா என்று ஆபீஸில் இரண்டு பேரிடம் மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினேன். அந்தப் பெண்ணின் நடையைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினேன். என் எழுத்தில் முதலில் அச்சானது அதுதான். எளிமையைப் பாராட்டி ஆசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார். பட்டினியை நடை என்று எடுத்துக்கொண்டு நான் எழுத்தாளனானேன்.

தலைதீபாவளிக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். முன்புபோல் யாரையும் நடித்துக்காட்டவில்லை. எப்படியிருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் சார்" என்றாள். வாயால் சொல்லிக் கேட்டபோது அது அவ்வளவு நல்ல நடையாகத் தோன்றவில்லை. மறுநாள் மத்தியானம் பார்த்தால் மாமரத்தடியில், கோணிக்குக் கீழே, நாற்றுத் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தாள். மாலி தூரத்தில் நின்று பார்த்தார். கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நாத்துங்க மேல கை படப்போவுது, எந்திரி பாப்பா" என்றார். எழுந்து போய்விட்டாள்.

ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்று நானும் சமையல்காரரும் பலமுறை சொன்னோம். "நட்ட செடியப் புடுங்கி வேர் புடிச்சுதான்னு பார்ப்பாங்களா?" என்பார். அவருடைய உவமைகளில் ஓட்டையே கிடையாது.

அடுத்த ஆவணியில் தந்தி வந்தது. மகளுக்கு உடம்பு கடுமையாக இருக்கிறது, உடனே புறப்படவும் என்று. துரைசானிதான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் படித்தார். என்னை அழைத்து, நீயும் கூடப் போ என்றார். மாலியின் கையிலிருந்த பூவாளியை வாங்கிக்கொண்டார்.

காலை வண்டி. எதிரெதிரே உட்கார்ந்தோம். வொயிட்ஃபீல்டு தாண்டியது. சும்மா இருக்கத் தெரியாதவன், நான்தான் ஆரம்பித்தேன். அன்றைக்கு அந்த வார்த்தையைப் பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஒரு பொருளை விட்டுவிட்டேன், தப்பு என்மேல்தான் என்றேன். எந்த வார்த்தை என்பதுபோலப் பார்த்தார். பிறகு, "ஓ, அதுவா. அன்னிக்குக் கொழாய மூடாம வந்துட்டேன் சார். தண்ணி போய்க்கினே இருந்துது. நீங்க எப்ப முடிப்பீங்கன்னு நின்னுக்கினு இருந்தேன்" என்றார்.

குற்றத்தில்கூட எனக்குப் பங்கு தரவில்லை.

பங்காருப்பேட்டையில் இறங்கி வண்டி மாறினோம். கிளை வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அவராகவே பேசினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

"செடின்னா சாயங்காலம் போய்ப் பார்ப்பேன் சார். எந்திரிச்சுதா இல்லியான்னு. எந்திரிக்கலன்னா எடுத்தாந்து நெழல்ல வெச்சிருவேன். ஒரு நாளு தவறினதில்ல."

பிறகு, "இத நான் சாயங்காலம் பார்க்கவேயில்ல" என்றார்.

தங்கவயலில், மாரிக்குப்பத்தில் இறங்கி, வரிசை வரிசையாக இருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் விசாரித்துப் போனபோது, வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழுந்தார்கள். அவர்கள் எழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது. அப்பா முகம் பார்க்கட்டும் என்று வைத்திருந்தார்கள்.

கொடுமைக்காரர்களைத் தேடித்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன். கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மாப்பிள்ளை சுவரில் முட்டிக்கொண்டு அழுத கருத்த பையன். மாமியார், தலை நரைத்த சாதாரண அம்மாள்; குரல் போகும் அளவுக்கு அழுதிருந்தாள். விஷ ஜுரம். மூன்று வாரமாக இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். மூன்று வாரமும் அந்தப் பெண் தூரத்துக் குழாயிலிருந்து தண்ணீர் தூக்கியிருக்கிறாள், சமைத்திருக்கிறாள். கடைசி மாதக் கார்டில்கூட 'நான் நலம்' என்று எழுதியிருந்தாள். அதை நான்தான் மாலிக்குப் படித்தேன். அடுப்படியில் விழுந்த பிறகே வீட்டுக்காரர்கள் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. தொழிலாளி குடும்பத்துக்கு இலவசம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனே என்று அந்தப் பையன் திரும்பத் திரும்பச் சொன்னான். பொய் சொல்லவில்லை.

மாலி மகளின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்க வேண்டும் என்று நாலு பேர் வந்து சொன்ன பிறகும் அவரை எழுப்ப முடியவில்லை. மாப்பிள்ளைதான் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமியார் நிலைப்படியில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். மாலியின் மனசைத் தேற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஒண்ணு வேணும்னு கேட்டதில்ல. நோவுதுன்னு சொன்னதில்ல. வீட்ல ஒருத்தி கீறாளான்னே தெரியாது சம்மந்தி. இந்தக் காலத்துல யாரு இப்படி வளக்கறாங்க" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகன் உள்ளே இருக்கிறானா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"உங்க சொந்தத்துல இதே மாதிரி பொண்ணு ஒண்ணு இருந்தா சொல்லுங்க."